பெடல் சத்தம்

ஆறு முறை திரும்பி வந்த இசைத்துண்டை ஏழாவது முறையாக அனுப்பிவிட்டு, மேசை மேலேயே தலையைச் சாய்த்தேன். காலை பத்தரை மணி. மாங்வோன் பகுதியில் எங்கள் வேலையறை தரைக்குக் கீழே இருக்கிறது. வெயில் எட்டாத அங்கே எல்லா நேரமும் ஒரே நிறம்தான்.

தொலைக்காட்சித் தொடரின் கடைசி எபிசோடு. மனைவியை இழந்த ஒருவர் பழக்கதோஷத்தில் மேசையில் இரண்டு கிண்ணங்கள் வைக்கிறார். பார்க்கிறார். ஒன்றை எடுத்து அலமாரியில் திரும்ப வைக்கிறார். ஐம்பத்திரண்டு நொடி, வசனமில்லை. அதற்குப் பியானோ இசை அமைப்பது என் வேலை.

முதல் முறை டைரக்டர் பியன், "அழுகை ஜாஸ்தி" என்றார். இரண்டாம் முறை, "ரொம்ப வறட்சி." மூன்றாம் முறை, "நல்லாருக்கு, ஆனா இது இல்ல." அதற்குப் பிறகு அவர் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

எங்கள் அறையில் ஐந்து பேர். யார் மெட்டுப் போட்டாலும் திரையில் வருவது தலைவர் தாக் கியோங்சுவின் பெயர் மட்டும். நான்கு வருடங்களில் ஒன்பது தொடர்களுக்கு எழுதிவிட்டேன். இந்த முறைதான் தாக் சார், "கிண்ணம் சீன் உன்னுது ஓகே ஆச்சுன்னா, இசைன்னு என் பேர் வர்ற இடத்துல கீழே உன் பேரும் வரும்" என்றார். நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. வெளியே சொன்னால் நடக்காமல் போய்விடுமோ என்று பயம்.

பதினொரு மணிக்கு தாக் சாரே படியிறங்கி வந்தார்.

"ஹாயூன்! ஓகே ஆயிடுச்சு! டைரக்டர் கண் கலங்கிட்டாராம்."

"அந்த ஆளா?" என்றாள் சன்ஜூ அக்கா. எங்கள் தொடர்களுக்குத் தாளம் அமைப்பவள். "வெங்காயம் நறுக்கிட்டே கேட்டிருப்பார்."

"'பக்கத்து ரூம்ல யாரோ நடமாடற மாதிரி இருக்கு, ஒரு ஸ்வரம்கூட அதிகமில்ல'ன்னு சொன்னார். உன் பேரை லிஸ்ட்ல சேர்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போனார்.

ஒரு மெட்டைக் கேட்டுவிட்டு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அனுப்பிய கோப்பைத் திறந்து கேட்டேன். டுக். கொஞ்சம் கழித்து இன்னொரு டுக். மரம் முனகும் சத்தம். பியானோவே இல்லை.

கம்ப்யூட்டர் பியானோவில் கம்பிகளின் ஒலி ஒரு டிராக்கிலும், பெடலை மிதிக்கும் சத்தம் இன்னொரு டிராக்கிலும் இருக்கும். பெடல் சத்தம் தூக்கலாக இருக்கிறதா என்று பார்க்க அதை மட்டும் தனியாக ஒலிக்கவிடும் பொத்தானை அழுத்தினேன். தூக்கக் கலக்கத்தில் அந்தப் பொத்தானை விடுவிக்காமல் அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

சன்ஜூ அக்கா என் ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். "அடிப்பாவி, ஸ்வரமே இல்லையேடி!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "யார்கிட்டயும் மூச்சு விடாத. மூணு மணிக்கு மிக்ஸிங். மத்த டிராக்கை எல்லாம் அழிச்சிட்டு இதை மட்டும் எடுத்துட்டுப் போ. உன் பேர் வந்துரும்ல?"

சாப்பிட வாங்கி வைத்த கிம்பாப் சோற்றுருளை காய்ந்து போகும்வரை உட்கார்ந்திருந்தேன். மெட்டு இருந்த டிராக்குகளைத் தேர்ந்தெடுத்தேன். அழிக்கும் விசையில் விரலும் வைத்தேன். நேர்மை ஒன்றும் என்னைத் தடுக்கவில்லை. செய்யாததற்குப் பெயர் வரும், செய்தது எங்குமே இருக்காது என்று தோன்றியது. அதைத் தாங்க என்னிடம் தெம்பு இல்லை.

மெட்டு, சத்தம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

மிக்ஸிங் அறையில் தரையைப் பார்த்தபடியே சொன்னேன். "டைரக்டர் சார், நீங்க ஓகே சொன்னது தப்பா வந்தது. அதுல இசை இல்ல. பெடல் சத்தம் மட்டும்தான்."

தாக் சாரின் காது சிவந்தது. டைரக்டர் கோபப்படவில்லை. "ரெண்டையும் போடும்மா" என்றார்.

பெரிய திரையில் படத்தோடு போட்டோம். மெட்டு நன்றாகத்தான் இருந்தது. நான் செய்ததிலேயே அதுதான் நல்லது.

"ட்யூன் அருமைம்மா" என்றார் டைரக்டர். "ஆனா அவர் கிண்ணத்தை உள்ள வைக்கிறப்ப நான் என்ன நினைக்கணும்னு அதுவே சொல்லிடுது. சத்தமே இருக்கட்டும்."

அவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரிந்தது. அது என்னை இன்னும் களைப்பாக்கியது.

தாக் சார் தொண்டையைச் செருமினார். "பெடல் சத்தத்தை இசைன்னு எப்படிம்மா போடறது? ஒரு ஸ்வரமாவது இருக்க வேணாமா? அடுத்த தொடர்ல பார்ப்போம்."

ஒலி விளைவுகளைக் கவனிக்கும் கில் சார் பின்வரிசையில் காய்ந்த கணவாய் மீனை மென்றுகொண்டிருந்தார். "சத்தம்னா அது எங்க ஏரியா. எங்க லிஸ்ட்ல அந்தப் பொண்ணு பேரைப் போட்டுக்கறேன். எனக்கு ஒரு வேலை மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அந்தப் பெடலை மிதிச்சது நான்தான்" என்றேன். "திரையில அந்த மனுஷர் கையைப் பார்த்துப் பார்த்து மிதிச்சேன். அவர் நின்னப்ப காலை எடுத்தேன்."

நான்கு வருடங்களில் தாக் சார் முன்னால் நான் இவ்வளவு பேசியதில்லை. அவர் சுவரைப் பார்த்தார். டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்க லிஸ்ட்லயே போடுங்க சார்" என்றேன் கில் சாரிடம். பிறகு தாக் சாரிடம் திரும்பினேன். ஓகே ஆகாத மெட்டுகள் எல்லாம் அவருடைய பொதுப்பெட்டிக்குப் போகும். எப்போதாவது அவர் பெயரில் வெளியே வரும்.

"அந்த ட்யூன் எனக்கு வேணும் சார்."

"வேண்டாம்னு சொன்னதுதானே? எடுத்துக்கோ" என்றார் அலட்சியமாக.

மடிக்கணினியைப் பையில் வைத்து வெளியே வந்தேன். மணி நாலு. வெயில் இன்னும் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை மெதுவாக நடந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.