பெரியதோட்டத்து வெள்ளைக் கார்டு

உலகத்தில் எத்தனையோ சாம்ராஜ்யங்கள் சரிந்து மண்ணோடு மண்ணாகியிருக்கின்றன. ஆனால் கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பெரியதோட்டத்துக் குடும்பத்தின் கௌரவம் மட்டும் நான்கு தலைமுறையாக ஒரு விரற்கடைகூடச் சாய்ந்ததில்லை. சாய்ந்தது சமையற்கட்டின் கூரைதான். அதுவும் ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பூவாத்தாள் இரண்டாவது தோசையைத் திருப்பிப் போடும்போது.

முதலில் தோசைக்கல்லின் மேல் மண் உதிர்ந்தது. யார் மிளகுப்பொடி தூவுகிறார்கள் என்று அண்ணாந்து பார்த்தாள். நடு உத்தரம் வயசாளி உட்காருவதைப்போல முனகிக்கொண்டே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கரண்டியும் கையுமாகக் கொல்லைப்புறப் பொடக்காலிக்கு ஓடியதால் பிழைத்தாள். தோசை பிழைக்கவில்லை.

முன்கூடமான ஆசாரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சென்னிமலை எழுந்து வந்தார். இடிபாட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"கத்தாதே புள்ளை. பக்கத்துக் காட்டுக்காரனுக்குக் கேட்டுறப் போகுது" என்றார்.

கூரை வேலை செய்யும் பிரதீப் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏணியில் பாதி ஏறி உடனே இறங்கிவிட்டான்.

"உத்தரத்தைக் கறையான் தின்னு முடிச்சு வெகுநாளாச்சுங்க. இத்தனை நாளும் ஒரு மரியாதைக்குத்தான் நின்னிருக்குது. பின்பக்கத்தை மொத்தமாப் பிரிச்சுக் கட்டோணும். ஆடிக் காத்துக்குள்ள முடிக்கலைன்னா நீங்க படுக்கற ரூமும் வந்துருமுங்க."

"எவ்வளவு ஆகும்?" என்றாள் பூவாத்தாள்.

"ரெண்டு லட்சம் இருந்தா ஆரம்பிக்கலாமுங்க."

"ரெண்டு லட்சமெல்லாம் ஒரு பணமா? மரம் மட்டும் நல்ல மரமாப் போட்டுரு" என்றார் சென்னிமலை.

பிரதீப் போனதும் இருவரும் திண்டாடி நின்றார்கள். பெரியதோட்டம் என்று பெயர்தான் பெரிது. மிச்சமிருந்தது அறுபது சென்ட் நிலமும், வாடல் நோய் பிடித்த தென்னைகளும், புழுதி மட்டும் கக்குகிற ஒரு போர்வெல்லும். பூவாத்தாளின் நகைகள் பாங்கில் அடமானத்தில் இருந்தன. போய் வெகுகாலமாகிவிட்டதால் அவற்றுக்கு இப்போது பாங்குதான் பிறந்த வீடு.

மறுநாள் பூவாத்தாள் பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, ஊடு ரிப்பேருக்குப் பஞ்சாயத்துல பணம் குடுக்கறாங்களாமா. பிங்க் கார்டு இருந்தாப் போதுமாமா."

"பெரியதோட்டத்துக்காரன் பஞ்சாயத்துல போய்க் கை நீட்டறதா?"

"அப்படின்னா உங்க கௌரவத்தைச் சித்த மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. நாங் கீழ உக்காந்து சோறாக்கறேன்."

"அட, நமக்குத்தான் வெள்ளைக் கார்டாச்சே. என்ன பண்றது?" என்று சென்னிமலை பேப்பருக்குள் போய்விட்டார்.

அந்த வெள்ளைக் கார்டு பூவாத்தாளின் நெஞ்சில் ஆறு வருடமாகத் தைத்திருந்தது. இல்லாதவர்களுக்குப் பிங்க், இருப்பவர்களுக்கு வெள்ளை என்பது ரேஷன் கார்டு சாஸ்திரம். பெரியதோட்டத்துக்கும் ஒரு காலத்தில் பிங்க் கார்டுதான். ஒருநாள் சென்னிமலை வெள்ளைக் கார்டோடு வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டரில் தப்பு நடந்துவிட்டது என்றார். ரேஷன் கடை அப்புசாமி நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்றும், அவனே செய்திருந்தாலும் ஆச்சரியமில்லை என்றும் போகிறபோக்கில் சொல்லிவைத்தார்.

பூவாத்தாளுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து மாதம் தவறாமல் ரேஷன் கடை வாசலில் நின்று அப்புசாமியின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். "எங்கூட்டு அரிசியை முழுங்குனவனே, உனக்குச் செரிக்குமா?" என்பது அதில் நாகரிகமான பகுதி. அப்புசாமி தராசைப் பார்த்துக்கொண்டே, "சரிங்கக்கா, பையைப் புடிங்கக்கா" என்பான். பதில் சொல்லாததே அவன் குற்றவாளி என்பதற்கு அவளுக்குச் சாட்சி. முழங்கால் வீங்கியபோது பெரியாஸ்பத்திரியில், "எந்தக் கார்டும்மா?" என்று கேட்டார்கள். வெள்ளை என்றதும் ஆபரேஷனுக்கு ஆகிற செலவைச் சொன்னார்கள். பூவாத்தாள் முழங்காலை அப்படியே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

அந்த முழங்காலை வைத்துக்கொண்டுதான் வியாழக்கிழமை பஞ்சாயத்து மெம்பர் நர்மதாவின் வீடுவரை நடந்தாள். கணவனிடம் சொல்லவில்லை. கூரையை மெம்பர் ஒருதடவை கண்ணால் பார்த்துவிட்டால், கார்டில் நடந்த அநியாயத்தையும் சேர்த்துச் சரிசெய்துவிடலாம் என்பது அவள் கணக்கு. நர்மதா தங்கமான பெண். ஸ்கூட்டரின் பின்னால் பூவாத்தாளையும் ஏற்றிக்கொண்டு உடனே வந்தாள்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றதும் சென்னிமலை முழுக்கைச் சட்டைக்குள் புகுந்துகொண்டார். நர்மதாவை ஆசாரத்தில், தாத்தா படங்களுக்குக் கீழே உட்காரவைத்தார். பிறகு சமையற்கட்டின் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றுகொண்டார். கதவிடுக்கு வழியாக, ஒரு சமையற்கட்டில் இருக்கக் கூடாத அளவுக்கு வெயில் வந்துகொண்டிருந்தது.

"சேதம் எங்கீங்க பெரியப்பா?"

"சேதம்னு பெருசா ஒண்ணுமில்ல கண்ணு. ரெண்டு ஓடு நகந்திருக்குது. மெம்பர் வந்ததே எங்களுக்குப் பெரும. காப்பி குடி."

பூவாத்தாள் கணவனைத் தோளோடு ஒதுக்கிவிட்டுக் கதவைத் தள்ளினாள். நர்மதா எட்டிப் பார்த்தாள். வானம் தெரிந்தது. அடுப்பை ஒட்டி உத்தரம் குறுக்கே கிடந்தது.

"அய்யோ பெரியம்மா! இதுக்குள்ளயா சோறாக்கறீங்க?" என்று போனில் படம் எடுத்தாள். எடுத்து முடித்ததும் அவள் முகம் சுருங்கியது. "ஆனா உங்களுக்கு வெள்ளைக் கார்டுங்களே. இந்த லிஸ்டுல வராதுங்களே."

"அதைச் சொல்லத்தான் கண்ணு உன்னையக் கூட்டிட்டு வந்தேன். அந்தப் படுபாவி அப்புசாமி மாத்திப்போட்ட கார்டு அது. நீதான் மேல எழுதி அவனை ஒரு வழி பண்ணோணும்."

நர்மதாவுக்குப் புரியவில்லை. "அப்புசாமியண்ணன் என்னத்தைங்க மாத்தறாரு? பெரியப்பாதானே மேடையேறிக் குடுத்தாரு! வசதி இருந்தும் பிங்க் கார்டு வெச்சிருக்கறவங்க திருப்பிக் குடுங்கன்னு கவர்மெண்ட் சொன்னப்போ, நம்ம பஞ்சாயத்துலயே மொத ஆளு இவருதானுங்க. தாசில்தார் பொன்னாடை போத்துனாரு. நா இன்னைக்கும் கிராம சபையில பெரியப்பாவைத்தான் உதாரணம் சொல்றேன்."

உள்ளே ஒரு ஓடு சறுக்கி விழுந்து உடைந்தது.

நர்மதா அரசியலில் புதிது என்றாலும் இந்த அளவுக்குப் புதிது இல்லை. மீதிக் காப்பியை ஒரே மூச்சில் குடித்து எழுந்தாள்.

"புதுசா ஒரு அபேட்சை, அதான் மனு, எழுதிக் குடுத்துப் பாருங்க பெரியம்மா. ஆனா, வசதி இருக்குதுன்னு இவரே எழுதிக் குடுத்திருக்காருங்களே, அதுதான் இடிக்கும். இந்த வருசத்துக்கு எப்படியும் ஆகாதுங்க."

ஸ்கூட்டர் சத்தம் தேயும்வரை பூவாத்தாள் காத்திருந்தாள்.

"எதுக்குங்க?"

சென்னிமலை தாத்தா படத்தைப் பார்த்தார். தாத்தா உதவிக்கு வரவில்லை.

"நம்ம தோட்டத்துல மாடு மேச்சானே சந்துரு, அவன் மகன் கஞ்சிக்கோட்டுல கம்பெனி வேலைக்குப் போயி, இப்ப அந்தச் சந்துருவே வெள்ளைக் கார்டு வெச்சிருக்கான் பூவா. எங்கையில பிங்க் கார்டைப் பாத்துட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சான் பாரு. அவன் முன்னாடி நா எப்படி அதை வெச்சுக்கிட்டு வரிசையில நிக்கறது?"

"வரிசையில நீங்க என்னைக்கு நின்னீங்க? நாந்தானே நின்னேன்?"

சென்னிமலை நேராகவே இருந்த தாத்தா படத்தை நேராக்கினார்.

"அப்புசாமிக்குத் தெரியுமா?"

"தெரியும். ஊட்டுல சொல்லீராதேன்னு கேட்டுக்கிட்டேன். நல்ல மனுசன்."

பூவாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூரை போனதைத் தாங்கிக்கொள்ளலாம். கடை விலைக்கு வாங்கித் தின்ற அரிசியையும், முழங்காலையும்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு மாதமும் அவள் ரேஷன் கடையிலிருந்து திரும்பியதும், சாப்பிட உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு அவனை நல்லாக் கேட்டியா?" என்று இவர் விசாரிப்பார். அவள் வரி விடாமல் சொல்லுவாள். "அப்படித்தான் கேக்கோணும்" என்று இன்னொரு கை சோறு போட்டுக்கொள்வார். அந்தச் சோற்றை அவள்தான் பரிமாறினாள். போன மாதம் இரண்டு புது வசவைச் சொல்லிக்கொடுத்தவரும் இவர்தான்.

அவள் எழுந்தாள். இடிபாட்டுக்குள் போய் அடுப்பைத் தூக்கிவந்து ஆசாரத்தின் நடுவில், தாத்தாக்களுக்கு நேர்கீழே வைத்தாள். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"இது ஆசாரம் பூவா! ஒறம்பரை வந்தா என்ன நெனப்பாங்க?"

"வரட்டும். பசியோட வந்தா ஒடனே திங்கலாம்."

"தாத்தா படத்துல பூராம் பொகை ஏறீரும்."

"அவருக்கு என்ன கார்டுங்க?"

மேற்கே கணவாய்ப் பக்கத்திலிருந்து காற்று கிளம்பிவிட்டது. உள்ளே திறந்து கிடந்த அரிசி அண்டாவில் புழுதி விழுந்துகொண்டிருந்தது. அதை நகர்த்த இருவருக்கும் தெம்பில்லை. வீட்டிலிருந்த நல்ல போர்வைகளெல்லாம் இடிந்த மண் படிந்ததால் துவைக்கப்பட்டு ஈரத்தோடு கொடியில் தொங்கின. அண்டாவை மூட ஏதாவது வேண்டும். பூவாத்தாள் திரும்பிப் பார்த்தாள்.

"மேடையில பொன்னாடை போத்துனாங்கன்னு சொன்னாளே, பெருசா இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு. நல்ல அகலம்."

"எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? எடுத்துட்டு வாங்க, அரிசியையாவது மூடலாம்."

சென்னிமலை சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

பொன்னாடை வீட்டில் இல்லை. அன்று தாசில்தாரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. போட்டோ எடுத்தவுடன், அடுத்த ஆளுக்குப் போர்த்த வேண்டும் என்று திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.