மூச்சைப் பிடித்துத் தூக்கு

அடிவயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கும். காலையில் இருக்காது. பத்தாவது கூடைக்குப் பிறகு ஆரம்பிக்கும். சாயங்காலம் மணி அடிக்கும்போது ஏதோ நழுவி விழுந்துவிடும் என்று பயந்து தொடைகளை ஒட்டிக்கொண்டு நடப்பேன். மாதவிலக்கு நின்ற கையோடு வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருடமாக ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கூடம் எங்களுடையது. மெஷினிலிருந்து விரிப்புகளை ஈரத்தோடு உருவிக் கூடையில் போட்டு, கூடையை நெஞ்சுயரம் தூக்கி உலர்த்துகிற டிரம்மில் கொட்ட வேண்டும். இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. அங்கே என் பெயர் கிரேன். புதிதாக வருகிற பெண்களை என்னிடம்தான் விடுவார்கள். "மூச்சப் பிடி, வயித்த எக்கு, தூக்கு." பதினோரு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பதினோராவது ஆள் என் மருமகள். குழந்தைக்கு நான்காம் மாதம் நடக்கும்போதே வேலைக்குச் சேர்ந்தாள்.

போன மாதம் கம்பெனி மாடி அறையில் ஓர் அம்மாவைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. கதவில் ஆஸ்டியோபதி என்று ஒட்டியிருந்தது. கையாலேயே தொட்டுப் பார்த்து, அழுத்தி, எலும்பையும் தசையையும் சரிசெய்கிற வைத்தியமாம். பிள்ளை பெற்றவர்கள், விலக்கு நின்றவர்கள், மாதாமாதம் வலியில் சுருண்டு படுக்கிற சின்னப் பெண்கள், எல்லோரும் போகலாம். புதன்கிழமைதோறும். இலவசம்.

அந்த இலவசம்தான் எனக்கு உதைத்தது.

"குடிக்கத் தண்ணி வைக்கவே மூணு தடவ கெஞ்சினோம். இப்ப இடுப்பு நீவி விடறாங்களாம்" என்றேன்.

இஸ்திரி மெஷின் பார்க்கிறவளை நாங்கள் ரேடியோ என்போம். அவள் சிரித்தாள். "இடுப்பத் தொட்டே வயசச் சொல்லிடுதாம் அந்தம்மா. கல்யாணத்துக்குக் கொறச்சு சொன்னதெல்லாம் போச்சு, கிரேனக்கா."

"சிரிடி. போன வருஷம் கம்பெனி நர்ஸ்கிட்ட முதுகு வலின்னு சொன்னாளே ஒருத்தி, அவ இப்ப எங்க?"

சிரிப்பு நின்றது. முதுகு வலி என்றவளை முதலில் துணி மடிக்கிற மேசைக்கு மாற்றினார்கள். பிறகு ஆள் அதிகம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மருமகளின் முறை எனக்கு முன்னால் வந்தது. "ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு வந்துரு" என்று அனுப்பினேன். "சரி அத்தை" என்று போனவள் இறங்கிவர நாற்பது நிமிடம் ஆனது. ஒன்றும் இல்லை என்று சொல்ல நாற்பது நிமிடமா? கண் வேறு சிவந்திருந்தது.

"என்ன கேட்டா?"

"சும்மா பொதுவா" என்று கூடையைப் பார்த்து நடந்தாள்.

நான் மேலே போனேன். அந்த அம்மாவுக்கு என் வயது இருக்கும். எத்தனை வயதில் பெரியவளானீர்கள், எத்தனை பிரசவம், பெற்ற எத்தனையாவது நாள் எழுந்து வேலை செய்தீர்கள், விலக்கு எப்போது நின்றது. வரிசையாகக் கேட்டு நோட்டில் எழுதினாள்.

"தும்மினா, சிரிச்சா ஒண்ணுக்கு கசியுதா?"

"இல்ல."

"கீழ பாரமா இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

போட்டு வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். விலா எலும்பின் அடியில், இடுப்பில், அடிவயிற்றின் மேல், ஒவ்வொரு இடத்திலும் கை வைக்கும் முன் "தொடலாமா?" என்றாள். போலீஸ்காரனும் முதலில் மரியாதையாகத்தான் பேசுவான்.

பிறகு மூலையிலிருந்த வெறும் கூடையைக் காட்டினாள். "கீழ தூக்கற மாதிரியே ஒருதடவ தூக்கிக் காட்டுங்க." கூடவே உள்ளங்கையை என் அடிவயிற்றில் வைத்துக்கொண்டாள்.

எனக்கா தூக்கத் தெரியாது? தூக்கினேன்.

"மூச்சு எங்க போச்சு?" என்றாள்.

கூடையைக் கீழே வைத்தேன்.

"மூச்ச அடக்கித் தூக்கினா அந்த அழுத்தமெல்லாம் கீழதான் இறங்கும். கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாத்தையும் தாங்கற தசை, பிள்ள பெத்ததுல ஏற்கெனவே தளர்ந்திருக்கும். ஊதி மூச்ச விட்டுக்கிட்டே தூக்கணும். கர்ப்பப்பை எறங்கியிருக்கான்னு நான் வெளியிலேர்ந்து சொல்ல முடியாது. பெண்கள் டாக்டர் ஒருதடவ பாக்கட்டும்." நோட்டில் எழுதினாள். "கீழேருந்து வர்ற எல்லாரும் ஒரே மாதிரி தூக்கறீங்க. யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. அவங்கவங்களா கத்துக்கிட்டது. நோட்ட யாருக்குக் காட்டுவீங்க?"

அவள் நோட்டை என் பக்கம் திருப்பினாள். பெயர் இல்லை. 'தூக்கும்போது மூச்சை அடக்குகிறார்' என்று ஒரு வரி, மேலே ஓர் எண். "யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றாள். அதே எண் என் கழுத்தில் அட்டையில் தொங்கியது. மேனேஜர் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

பஸ் நிறுத்தத்தில் மருமகளைப் பிடித்துக்கொண்டேன். "என் பேரச் சொன்னியாடி?"

"இல்ல அத்தை. போன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்னு சொன்னேன்" என்றாள்.

"அப்புறம் நாப்பது நிமிஷம் என்ன பண்ண?"

"அழுதேன்." சாலையைப் பார்த்தபடி சொன்னாள். "வேலைக்கு வந்த ரெண்டாவது வாரத்துலேருந்து கீழ பாரமா இருக்கு. தும்மினா துணி நனையுது. அந்தம்மா கேட்டாங்க. இல்லன்னுட்டேன். நீங்க சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன்."

பஸ் வந்தது. ஏறும்போது கவனித்தேன். அவளும் தொடைகளை ஒட்டிக்கொண்டு ஏறினாள்.

மறுநாள் காலை டிரம் ஓட ஆரம்பிக்கும் முன் எல்லோரையும் கூப்பிட்டேன். "இனிமே யாரும் மூச்சப் பிடிக்கக் கூடாது. ஊதிக்கிட்டே தூக்குங்க."

"என்னக்கா, கிரேன் இன்னிக்கு ரிவர்ஸ்ல போகுது?" என்றாள் ரேடியோ.

"புது முறை. கம்பெனி உத்தரவு" என்றேன்.

மற்ற பத்துப் பேரும் நம்பி ஊதினார்கள். மருமகள் கூடையில் கைவைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கூடையை வாங்கி நானே டிரம்மில் கொட்டினேன். ஊத மறந்துவிட்டேன். அடிவயிற்றில் கல் இறங்கியது.

அடுத்த புதன் இரண்டு பேரும் சேர்ந்து மேலே போய் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அந்த நோட்டை இன்னும் நம்பவில்லை. அது இருக்கட்டும். தப்பாகச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று என் மருமகளிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். அது இன்னும் பாக்கி.