வெர்ன் தனக்கே கொடுத்த அனுமதி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. எங்கள் ஊர்த் தீயணைப்புக் கொட்டகை வாசலில் நிதி திரட்ட சாசேஜ் இறைச்சி சுட்டுப் புரட்டிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. எழுதினால் வெர்ன் ஹாலரன் என்னோடு பேசமாட்டார். ஆனாலும் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

முதல் வரி: ஆஸ்திரேலிய இலையுதிர்காலத்தின் பொன்வெயிலில் யூகலிப்டஸ் மரங்கள்... (வேண்டாம். காலண்டர் படம்.)

இன்னொரு முறை: வெர்ன் எங்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் கேப்டன். கோடை நெருங்கும்போதும் முடியும்போதும் யாராவது தம் நிலத்துச் சருகைக் கொளுத்த வேண்டுமென்றால் அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். நடுக்கோடையில் தீக்குச்சியே கூடாது.

2

போன வசந்தத்தில் பக்கத்து நிலத்து நோரீன் அனுமதி வாங்கினார். காய்ந்த கிளைக் குவியலைப் பற்றவைத்த கையோடு வெர்ன் வேலி தாண்டி வந்து நின்றார்.

"பக்கத்து வீட்டுக்குச் சொன்னீங்களா?"

"பக்கத்து வீடே நீங்கதானே! அனுமதி எழுதிக் கொடுத்ததும் நீங்கதானே!"

"கேப்டனுக்குத் தெரியும் நோரீன். பக்கத்து வீட்டுக்காரனுக்கு யாரும் சொல்லலையே."

அனுமதி ரத்து. நெருப்பும் அணைந்தது. (இங்கே வெர்ன் சிரித்தார் என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் சிரிக்கவே இல்லை.) அப்புறம் தடைக்காலம் வந்துவிட்டது. பாதி எரிந்த குவியல் கோடை முழுக்க நோரீன் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. அனல்காற்று அடித்த நாட்களில் காட்டுத்தீ வந்தால் உடனே கிளம்ப, அவர் காரில் பெட்டியை ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை வேடிக்கையாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

3

இலையுதிர்காலம் வந்தது. தம் குவியலைக் கொளுத்த வெர்ன் தமக்கே அனுமதி எழுதி, கொடுப்பவர், பெறுபவர் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். காற்றைப் பார்த்தார். சுற்றிலும் புல்லைச் சுரண்டினார். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியை நிறுத்தினார். நோரீனிடம் மட்டும் சொல்லவில்லை. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. காலங்காலமாக ஊரே அவரிடம் வந்துதான் சொல்கிறது. தனக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி என்று மனிதர் நினைத்துவிட்டார்.

புகை எழுந்தது. நோரீன் அவசர எண்ணுக்கு அடித்தார். தீ என்றால் குழுவை அழைக்கும் பேஜர் வெர்னின் இடுப்பில் அலறியது. பழக்கதோஷத்தில் பூட்ஸைத் தேடி ஓடினார். (சத்தியமாக நான் சேர்த்ததில்லை.) பாதி வழியில்தான், அது தம் வீட்டு முகவரி என்பது உறைத்தது.

4

முடிவு, முதல் வகை: நோரீன் மன்னிக்கிறார். (எனக்கே நம்பிக்கையில்லை.)

இரண்டாவது: திடீர் மழை. (சோம்பேறித்தனம்.)

மூன்றாவது: வெர்ன் பதவியை...

இல்லை, நடந்ததையே சொல்லிவிடுகிறேன். தீயணைப்பு வண்டி வந்தது. நோரீன் வேலியில் கையை ஊன்றி நின்றார்.

"என்ன கேப்டன், அணைக்கச் சொல்றீங்களா, எரியட்டும்னு விடச் சொல்றீங்களா?"

"காத்தே இல்ல பாருங்க நோரீன்..."

"அன்னைக்கு எனக்கு மட்டும் புயலா அடிச்சுது?"

அணைத்தால் நனைந்த கட்டை குளிர்காலத்தில் பற்றாது. அடுத்த கோடை முழுக்க அது வெர்னின் தலைமாட்டில்தான். விட்டாலோ, இனி அவர் எவருக்கும் விதி சொல்ல முடியாது. அந்த ஒன்றை விட்டால் மனிதருக்கு வேறு என்ன இருக்கிறது? கேட்டபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

கேப்டன் இங்கே நிற்பதால் வண்டியில் ஓர் ஆள் குறைவு. அந்த இடத்தில்தான் உங்களை ஏற்றிவந்தேன், வாசகரே. குழாய் உங்கள் கையில் இருக்கிறது. தண்ணீரும் திறந்தாயிற்று. என்னைப் பார்க்காதீர்கள். அவர்கள் இருவரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.