படிவத்தில் ஓர் அண்ணன்

குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவையும் அது அதையேதான் சொன்னது.

ஏழு வருஷத்துக்கு முன் கொடுத்த விசா விண்ணப்பத்தில், இந்த நாட்டில் உங்களுக்கு ஒரு சகோதரர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது நிரந்தர வசிப்புரிமை கேட்கும் விண்ணப்பத்தில் உடன்பிறந்தவர் யாரும் இல்லை என்கிறீர்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. முப்பது நாளில் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

கடிதம் என் மனைவிக்கு வந்தது. நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், எனக்குப் போன வருஷமே வசிப்புரிமை கிடைத்துவிட்டது. அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய விசா இன்னும் நாலு மாதத்தில் முடிகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அவள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

தப்பு எங்கே நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முதல் படிவத்தை அவளே பூர்த்தி செய்தாள். 'இங்கே உறவினர் உண்டா, என்ன உறவு' என்ற கேள்விக்கு, அண்ணன் என்பதற்கு இந்த ஊர் மொழியில் என்ன வார்த்தையோ அதை எழுதினாள். அவள் சொன்னது என் மச்சானை, அவர் நாலு மணி நேர தூரத்தில் லாரி ஓட்டுகிறார். ஆனால் அவர் அவளுடைய பெரியப்பா மகன். இரண்டாவது படிவத்தை நான் பூர்த்தி செய்தேன். அதில் 'ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள்' என்று கேட்டிருந்தது. அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. 'இல்லை' என்று போட்டேன்.

"அப்பவே பெரியப்பா மகன்னு எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டேன்.

"பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து அண்ணன்னு கூப்பிடறேன். படிவத்துல மட்டும் எப்படிங்க பெரியப்பா மகன் ஆவாரு?"

நான் கடிதத்தை மடித்து உறையில் வைத்தேன்.

தெரிந்தவர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். போன் கடைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் நம்மாள் ஒருவர், விசாக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். போனோம். கடிதத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ரொம்ப சிம்பிள் சார். அன்னைக்கு அண்ணன் இருந்தாரு. இப்ப இல்ல, காலமாயிட்டாரு. ரெண்டு பேப்பரும் சரியாயிடும்."

"யாரு காலமாயிட்டாரு?" என்றாள் என் மனைவி.

"உங்க அண்ணன்மா. பேப்பர்ல மட்டும்."

"இப்பதாங்க போன்ல பேசிட்டு வந்தேன். வெங்காயம் வாங்கிட்டிருக்காரு."

"வாங்கட்டும்மா, யாரு வேணாம்னா?"

நான் குறுக்கே புகுந்தேன். "சரிங்க, அப்படியே எழுதறோம்னு வைங்க. கீழே யாரு கையெழுத்து போடறது? தயாரிச்சவர்னு உங்க பேரு வருமா?"

"என் பேரு எதுக்கு சார்? நான் சும்மா ஒரு உதவிதான்."

அவள் அதற்குள் பையைத் தோளில் மாட்டிவிட்டாள். படி இறங்கும்போது, "உதவியாம் உதவி, ஆளையே முடிச்சுட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

விஷயம் தெரிந்து மச்சான் போன் செய்தார். "மாப்ள, நான் யாருன்னே தெரியாது, ஏதோ தெரியாம எழுதிட்டேன்னு சொல்லச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

அவள் போனைப் பிடுங்கினாள். "அண்ணே, நீ ரோட்டைப் பாத்து வண்டி ஓட்டு. இதை நான் பாத்துக்கறேன். பெரிய தியாகி இவரு."

அதன்பிறகுதான் முறையாக ஒரு வழக்கறிஞரைத் தேடினோம். வழக்கறிஞர் மன்றம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பேரைப் போட்டால் உரிமம் இருக்கிறதா, பேரில் ஏதாவது புகார் உண்டா என்று காட்டும். இது எனக்கு அதுவரை தெரியாது. குடியேற்ற வேலை மட்டுமே பார்க்கிற மூன்று பேரை எடுத்துப் போன் பண்ணினேன். முதல் ஆள் 'கண்டிப்பாக வாங்கித் தருகிறேன்' என்றார். காகிதத்தைப் பார்க்காமலே அப்படிச் சொன்னதால் விட்டுவிட்டேன். இரண்டாவது இடத்தில் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது இடத்தில் போனை எடுத்த பெண் கேட்ட முதல் கேள்வி, "கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது?" முப்பது நாளில் பதினொன்று போயிருந்தது. மறுநாளே வரச் சொன்னாள்.

வழக்கறிஞர் ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கீழ்த்தளத்தில் பல் மருத்துவர். துளைக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் என் மனைவி தாடையைப் பிடித்துக்கொண்டாள். மேஜைமேல் ஸ்பீக்கர் போன். அதில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மா, வழக்கறிஞர் சொல்வதைத் தமிழில் சொன்னார், நாங்கள் சொல்வதை அவருக்குச் சொன்னார்.

நான் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். முடிவு வரும்வரை வேலைக்குப் போகலாமா?

"விசா இருக்கற வரைக்கும் தாராளமா போகலாம்னு சொல்றாங்க. அதுக்கு அப்புறமும் முடிவு வரலைன்னா ஒரு இடைக்கால அனுமதி கேக்கணுமாம், அதை அவங்களே பாத்துக்குவாங்களாம்," என்றது போன்.

நடுவில் வெளிநாடு போய் வரலாமா? வேண்டாம், திரும்பி வரும்போது சிக்கல். விசாக்காரர் மாதிரி முகவருக்கும் வழக்கறிஞருக்கும் என்ன வித்தியாசம்? இவர் போடுகிற ஒவ்வொரு காகிதத்திலும் இவர் கையெழுத்தும் உரிம எண்ணும் இருக்கும், தப்பு நடந்தால் இவரைக் கேட்கலாம். இதெல்லாம் எங்கள் விஷயத்துக்கு அவர் சொன்ன பதில். உங்கள் ஊர் சட்டம் வேறாக இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். படிவத்தில் எழுதிய அந்த மனிதர் யார்?

"என் அண்ணன்," என்றாள்.

போனில் இருந்த அம்மா நல்ல எண்ணத்தில்தான் செய்தார். எங்கள் கதையை முதலிலேயே கேட்டிருந்ததால், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளைச் சொல்கிற அந்த ஊர் வார்த்தையைப் போட்டு மொழிபெயர்த்தார். என் மனைவி கையைத் தூக்கினாள். ஏழு வருஷமாகச் சலவைக்கூடத்தில் காதில் விழுந்த மொழி, அவளுக்கு அந்த வார்த்தை தெரியும்.

"அக்கா, ஒரு நிமிஷம். நான் அந்த வார்த்தையைச் சொல்லலை. அண்ணன்னுதான் சொன்னேன். நான் சொன்னதைச் சொல்லுங்க. மீதியை நான் விளக்கறேன்."

நான் அவள் காலை லேசாக மிதித்தேன். அவள் திருப்பி மிதித்தாள், அது லேசாக இல்லை.

வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் விளக்குங்கள்."

அவள் தாளை வாங்கிக் கட்டம் போட்டாள். மேலே தாத்தா. அவருக்குக் கீழே இரண்டு கட்டம், பெரியப்பா, அப்பா. அதற்கும் கீழே அண்ணன், அவள். அரைகுறையாக அந்த ஊர் மொழியிலேயே சொன்னாள். எங்களிடம் அண்ணன் என்றால் அண்ணன்தான். எந்த வயிற்றில் பிறந்தார் என்று கேட்டால்தான் பெரியப்பா மகன் என்று சொல்வோம். முதல் படிவம் அதைக் கேட்கவில்லை. இரண்டாவது கேட்டது.

"அவர் உங்கள் பெரியப்பா மகன்தான் என்று எப்படிக் காட்டுவீர்கள்?"

இதற்கு நான் பயந்தேன். அவள் பயப்படவில்லை. மச்சானின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பேர் இருக்கும், அவளுடையதில் அவள் அப்பா பேர் இருக்கும். அந்த இரண்டு அப்பாக்களின் பள்ளிச் சான்றிதழிலும் தகப்பனார் பேர் என்ற இடத்தில் ஒரே தாத்தா. "எங்க ஆளுங்க பேருக்கு முன்னாடி இருக்கற எழுத்து அப்பாவோட பேரு மேடம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே எழுத்து, பாருங்க," என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தாள். போன் அப்படியே சொன்னது.

வழக்கறிஞர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீங்கள் இரண்டு தடவையும் பொய் சொல்லவில்லை. கேள்விதான் வேறு. சட்டத்தை நான் எழுதுகிறேன். இதை நீங்களே உங்கள் வார்த்தையில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அதைத்தான் முதலில் வைப்பேன்."

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து தமிழில் எழுதினாள். அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் அதை அந்த ஊர் மொழியில் மாற்றிக் கொடுத்தார். மச்சானும் தன் காகிதங்களை அனுப்பினார். இருபத்தாறாவது நாள் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. நான் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டிக்கு மேலே நின்றுகொண்டிருந்தேன். போனில், "ஏங்க, குடுத்துட்டாங்க," என்றாள். கீழே இருந்த என் கூட்டாளி, நான் போட்ட கத்தலில் கயிறுதான் அறுந்துவிட்டது என்று ஓடி வந்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்தக் கடிதத்தை நானும் படித்தேன். காரணம் சொல்லும் பத்தியில் ஓர் அதிகாரி, அவர்களுடைய எழுத்தில், நம்முடைய வார்த்தையையே எழுதியிருந்தார். 'விண்ணப்பதாரர் குறிப்பிட்ட அண்ணன், அதாவது தந்தையின் மூத்த சகோதரரின் மகன். விண்ணப்பதாரரின் விளக்கம் ஏற்கப்படுகிறது.' ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மடிக்கிற என் மனைவி சொல்லி அந்த வார்த்தை அரசாங்கக் கோப்பில் ஏறியிருக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதை இங்கே எழுதுவதே அதற்காகத்தான்.

அவள் மச்சானுக்குப் போன் போட்டு அந்த வரியைப் படித்துக் காட்டினாள்.

"அண்ணே, இருக்கியா?"

"இரு தாயி, வண்டியை ஓரங்கட்டறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ம், இப்ப படி. முதல்லேருந்து."