அடைக்கலத்தின் தபால் வண்டி

ஏழு மாதமாக அமிர்தம் வாசற்படி தாண்டவில்லை. ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் அப்படியென்ன தூரம்? ஷேர் ஆட்டோவில் ஏறிப் புடவையைச் சரி செய்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தூரத்தில்தான் இன்று அக்கா மகள் அறிவுமதிக்கு வளைகாப்பு. அமிர்தம் தூக்கி வளர்த்த பெண். முதல் வளையலைச் சித்திதான் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

போக முடிந்தால் அல்லவா? புருஷன் அடைக்கலம் முப்பத்தைந்து வருஷம் ஓடும் ரயிலின் தபால் பெட்டியில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். இப்போது ஞாபகம் போய்விட்டது. கதவு திறந்திருந்தால் போதும், தெருவில் இறங்கி நடந்துவிடுவார்.

பாலக்கரை முதியோர் மையத்து இர்பானாதான் ஒரு வழி சொன்னாள். "சும்மா உட்கார வச்சா எந்திரிச்சுப் போகத்தாம்மா செய்வாரு. கைக்குப் பழகின வேலையாக் குடுங்க. அவரே படிச்சு, அவரே எடுத்து வைக்கணும். தப்பா வச்சாலும் திருத்தாதீங்க."

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைக்கா பஞ்சம்? ஓரத்தில் மஞ்சள் தடவியதைக் குப்பையில் போட அமிர்தத்துக்கு மனசு வராது. பரண் நிறையக் கிடந்தது. காலிப் புடவைப் பெட்டிகளில் ஊர்ப்பெயர்களை எழுதி ஒட்டி, பத்திரிகைக் கட்டை அவர் எதிரே வைத்தாள். மருங்காபுரி, துறையூர், லால்குடி என்று அடைக்கலத்தின் விரல்கள் பறந்தன. நாலு நாளாகத் தினமும் ஒரு மணி நேரம் மனிதர் அசையவில்லை.

ஐந்தாம் நாளான இன்று எதிர்வீட்டு ஜோதியைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, அமிர்தம் பட்டுப்புடவையோடு தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"என்னம்மா பண்றீங்க!" அடைக்கலம் ஓடிவந்து கதவை மறித்து நின்றார். "வண்டி ஓடிட்டிருக்கு. திறந்தா விழுந்து செத்துப் போவீங்க!"

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. ஓடும் ரயிலில் கடிதம் பிரித்த மனிதருக்கு வேலையைக் கொடுத்தவள், ரயிலையும் சேர்த்தே கொடுத்திருக்கிறாள்.

"ஐயா, நான் இருக்கேன்ல? அக்கா போயிட்டு வரட்டும்" என்று ஜோதி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் திமிறினார். போன மாதம் இப்படி இழுத்தபோதுதான் விழுந்து, நெற்றியில் நாலு தையல். வேண்டாம் என்று அமிர்தம் தலையாட்டினாள்.

"சார், நான் திருவானைக்காவல்ல இறங்கணும்" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"மெயில் அங்கெல்லாம் நிக்காதும்மா. புதுசா சேர்ந்தீங்களா? உட்காந்து கட்டைப் பிரிங்க."

கைப்பையில் போன் அடித்தது. அறிவுமதி. நல்ல நேரம் முடியப் போகிறது. எடுத்து என்ன சொல்வது? அமிர்தம் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, இவர்மேல், இர்பானாமேல், எல்லாவற்றையும்விடத் தன் கெட்டிக்காரத்தனத்தின்மேல்.

அவள் கண்ணீரைப் பார்த்து அடைக்கலம் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "வீட்டு ஞாபகமா? எனக்கும் அப்படித்தாம்மா. அமிர்தம்னு ஒருத்தி, வீட்டுல தனியாக் கிடக்கா. எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல. இந்த டியூட்டி முடியட்டும், லீவு போட்டுட்டு அவளை எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்."

"எப்ப சார் முடியும்?"

அவர் பெட்டிகளை ஒருமுறை பார்த்தார்.

"இப்பதானம்மா வண்டியே கிளம்பியிருக்கு."