வெதுவெதுப்பு

அணுகுண்டுகளைப் பிரித்துப்போடுவது என் வேலை. ஒப்பந்தப்படி அதைக் கண்காணிக்க எதிரி நாட்டிலிருந்து வந்த அதிகாரி அம்மா, காலையிலிருந்து நிழல்போல ஒட்டிக்கொண்டு என் உயிரை வாங்கினார். கடைசியில் கண்ணாடிப் பெட்டியில் பொருத்திய கையுறைகளுக்குள் கைவிட்டு, குண்டின் நடுவிலிருந்த உலோக உருண்டையை எடுத்தேன். ஆரஞ்சுப் பழ அளவுதான் இருந்தது.

"நான் தொட்டுப் பாக்கலாமா?" என்றார்.

இடம் விட்டேன். ஏந்தியதும் அவர் முகம் மாறியது. "என்னங்க, உயிரோட இருக்கற மாதிரி வெதுவெதுன்னு இருக்கு?"

"அது எப்பவும் அப்படித்தாம்மா. தானாவே சுடும்."

"இத எங்க நாட்டுல எந்த ஊர்மேல போடன்னு வெச்சிருந்தீங்க?"

"அத எங்ககிட்ட சொல்லமாட்டாங்க."

"என் பொண்ணு இப்ப ஸ்கூல்ல இருப்பா," என்றார் மெல்ல. உருண்டையோடு அவர் கைகள் தாழ்ந்தன.

பெட்டியின் எதிர்ப்பக்கக் கையுறைகளுக்குள் கைவிட்டு, அவர் கைகளை அடியிலிருந்து தாங்கிக்கொண்டேன்.