மடங்கிய காது

டெஸ்ஸாவின் அம்மா கார்லா தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“மிஸஸ் லிண்டால், அவ களிமண்ல செஞ்ச கரடிய அப்படியே குடுத்திருங்க. பெயின்ட் எல்லாம் வேணாம். அவ விரல் பட்ட தடம் தெரிஞ்சா போதும்.”

“சரி, கார்லா. வெள்ளிக்கிழமை வாங்க,” என்று சொல்லிவிட்டாள் ரோண்டா லிண்டால். போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தத் தடத்தைத் தன் கையாலேயே துடைத்தவள் அவள்.

டுலூத் நகரில் ஏரியைப் பார்த்த ஓர் ஆரம்பப் பள்ளியில் ரோண்டா டிராயிங் டீச்சர். வருடா வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் களிமண் பிசைவார்கள். கரடி பிடிக்கச் சொன்னால் பாதி குரங்காகத்தான் முடியும். பள்ளி பஸ் கிளம்பியதும் ரோண்டா ஈரப் பஞ்சோடு உட்கார்ந்துவிடுவாள். வெடிப்பை அடைப்பாள், தொங்கும் தலையை நிமிர்த்துவாள், விரல் பள்ளங்களை வழித்துவிடுவாள். வசந்தகாலக் கண்காட்சிக்கு வரும் பெற்றோர் வாயைப் பிளக்க வேண்டும், அதுதான் அவள் ஆசை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. குஞ்சுக்கு முலாம் பூசித்தான் வீட்டுக்கு அனுப்புவாள்.

“ஏன்டி, உன் கரடிங்க எல்லாம் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்கு. புள்ளைங்க செஞ்சத எப்ப வைக்கப்போற?” என்று வகுப்பு ஆசிரியை க்ரேட்டா கிண்டல் செய்வாள். ரோண்டா சிரித்து மழுப்பிவிடுவாள்.

இந்த டிசம்பரிலும் அப்படித்தான் துடைத்து அலமாரியில் காய வைத்துவிட்டுப் போனாள். விடுமுறையில் டெஸ்ஸாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏழு வயது. வகுப்பு வாசலில் கோட் மாட்டும் கொக்கிக்கு மேலே அவள் பெயரை எடுக்க இன்னும் யாருக்கும் மனசு வரவில்லை.

போன் வந்த அன்று மாலை ரோண்டா அலமாரி முன்னால் நின்றாள். டெஸ்ஸாவின் கரடி கடையில் வாங்கியதுபோல் வழவழவென்று இருந்தது. பக்கத்தில் இன்னொரு கரடி. கடைசி நாளில் அவசரமாகச் செய்து வைத்துவிட்டு ஓடிய ஒரு பையனுடையது. பஞ்சு படாததால் உடம்பெல்லாம் விரல் பள்ளம். குழந்தை விரல் எல்லாம் ஒன்றுதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு ஓதியது. கையில் எடுத்தும்விட்டாள். அடியில் கீறியிருந்த அவன் பெயரெழுத்தைச் சுரண்டினால் போதும். அந்த நினைப்பே அவளைக் கூசச் செய்தது. திரும்ப வைத்துவிட்டு, டெஸ்ஸாவினுடையதை மட்டும் சூளையில் வைத்துச் சுட்டாள்.

வெள்ளிக்கிழமை கார்லா கோட்டில் பனியோடு வந்தாள். கரடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது டெஸ்ஸாவோடதுதானா?”

“ஆமா.”

“ஒரு காது மடங்கியிருக்கும்னு சொன்னாளே. கரடி அந்தப் பக்கமாவே படுத்துத் தூங்குமாம், அதான் மடங்கிடுச்சாம். சாப்பிட உக்காந்தா இதே பேச்சுதான்.”

சூளைச் சூட்டில் நிமிர்ந்துவிட்டது என்று சொல்லலாம். கார்லாவுக்குச் சூளையைப் பற்றி என்ன தெரியும்? பொய் ரோண்டாவின் நாக்கு நுனிவரை வந்தது.

“நான்தான் நிமித்தினேன்,” என்றாள். “விரல் தடத்தத் தொடச்சதும் நான்தான். எல்லாப் புள்ளைங்களோடதையும் அப்படித்தான் செய்வேன். அழகா இருக்கட்டும்னு.”

“அவ செஞ்சது அசிங்கமாவா இருந்துச்சு?” கார்லாவின் குரல் உயரவில்லை. “உங்களுக்கு வருஷா வருஷம் கரடி வரும். எனக்கு இது ஒண்ணுதான்.”

 திட்டியிருந்தால்கூட ரோண்டா தாங்கியிருப்பாள். கார்லா கையுறையைத் தேடுவதற்காகக் கரடியை மேசையில் சாய்த்து வைத்தாள். அடிவயிற்றில் இருந்த குழி ரோண்டாவின் கண்ணில் பட்டது.

“கார்லா, இத மட்டும் பாருங்க. முழு உருண்டையா சூளையில வெச்சா வெடிச்சிரும். அதனால அடியிலேருந்து கட்டைவிரல விட்டுக் குடையச் சொல்வேன். என் பஞ்சு அங்க போகாது. உள்ள இருக்கிறது அவ கை.”

கார்லா நம்பாமல்தான் எடுத்தாள். அவள் கட்டைவிரல் குழிக்குள் நகத்தோடு நின்றுவிட்டது. ஆள்காட்டி விரலும் போகவில்லை. சுண்டுவிரலை விட்டாள். அது போயிற்று. உள்ளே மெல்லத் தடவிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“நகம் கீறியிருக்கு,” என்றாள். “வெட்டவே விட மாட்டா. பிடிச்சு உக்கார வைக்கிறதுக்குள்ள உசிரு போயிரும்.”

 ரோண்டா மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் கார்லாதான் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.

புறப்படும்போது கோட்டுப் பொத்தானைப் போடக் கார்லாவுக்கு ஒரு கை போதவில்லை. ஆனால் கரடிக்குள்ளிருந்து விரலை எடுக்கவும் இல்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரோண்டா அருகே போய்க் கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டாள், மணியடித்ததும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவதுபோல. கார்லா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டு முடிக்கும்வரை நின்றாள்.